இடையில் விட்டு எழும்பக்கூடிய வேலை: திருகோணமலையில் ஓர் ஆய்வு மாணவி தாயான காலம்

இந்த நிகழ்வு ஆய்வு, இதில் வரும் மாணவியின் சம்மதத்துடன் எழுதப்படுகிறது. வரைவை அவர் வாசித்து இரண்டு இடங்களில் திருத்தியும் தந்தார். யாரையும் அடையாளம் காட்டக்கூடிய விபரங்களைத் தவிர்த்திருக்கிறேன். நான் அவருடைய உள்ளூர் மேற்பார்வையாளர். கீழே வரும் முடிவுகளில் பல என்னுடையவை, பிழையாகிப்போனவையும் அப்படியே.

பின்னணி

2021 ஒக்டோபரில் அவர் முதுதத்துவமாணி (எம்.ஃபில்) பட்டத்துக்குப் பதிவு செய்தபோது வயது 29. பதிவு மலைநாட்டிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில், வேலை திருகோணமலையில் எங்கள் ஆய்வுகூடத்தில். மாதக் கொடுப்பனவு இரண்டு வருட ஆய்வு நிதி ஒன்றிலிருந்து வந்தது. கணவர் வவுனியாவில் வேலை, வெள்ளி இரவு வந்து ஞாயிறு பின்னேரம் திரும்புவார். மாணவி உப்புவெளியில் மாமியோடு, அதாவது கணவரின் தாயோடு, குடியிருந்தார். தாய் வீடு மூதூரில்.

அந்த ஆய்வு ஏன் நிறுத்திவைக்க முடியாததாக இருந்தது என்பதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. தம்பலகாமத்து வயல்களின் வடிகால் நீர் தம்பலகாமக் குடாவில் சேர்ந்து கிண்ணியாப் பக்கமாகக் கடலோடு கலக்கிறது. மகாவலி கொட்டியார்குடாவில் விழுகிறது. வயலில் இட்ட பசளையில் எவ்வளவு கடலுக்கு வருகிறது, அது நீரில் மிதக்கும் நுண்ணிய மிதவைத் தாவரங்களை எப்படி மாற்றுகிறது என்பதே கேள்வி. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கினாலும் அந்தப் பெரும்போகம் (மாரிமழைக்கால நெற்செய்கை) பெரும்பாலும் பசளை இல்லாமலே போயிற்று. அடுத்த பெரும்போகத்தில் பசளை திரும்ப வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு ஓர் ஆய்வாளருக்கு வாழ்நாளில் ஒருமுறை கிடைத்தால் பெரிது. ஆகவே 2021 டிசம்பரிலிருந்து 2023 நவம்பர் வரை மாதம் ஒருமுறை, ஆறு இடங்களில், அமாவாசையை ஒட்டிக் கடல் வற்றும் நேரத்தில் நீர் மாதிரி எடுப்பதென்று திட்டமிட்டோம்.

2022 நடுப்பகுதியில் எரிபொருள் இல்லாமல் மூன்று மாதம் படகு கரையிலேயே கிடந்தது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. படகுக்கென ஒதுக்கிய காசு பாதித் தூரம்கூடப் போதவில்லை. செப்டெம்பரில் மீண்டும் தொடங்கினோம். அதற்குள் அவர் கர்ப்பிணி. எனக்கு அது தெரியாது.

மறைத்த மாதங்கள்

நவம்பரில், ஆறாம் மாதத்தில்தான் சொன்னார். அதுவும் தானாகச் சொல்லவில்லை. வாடைக்காற்று தொடங்கிய ஒரு காலையில் படகில் ஏறக் கால் தூக்கியவர் தயங்கி நின்றதைப் பார்த்து நான் கேட்டேன்.

“ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்ல?”

“சொன்னா வேலையை வேற ஆளுக்குக் குடுத்திருவீங்க எண்டு பயந்தன், மிஸ்.”

அந்தப் பயத்துக்கு நான் காரணம் கொடுத்திருக்கிறேன். அதற்கு முன் ஒருநாள் இன்னொரு மாணவி கலியாணம் பேசியிருப்பதாகச் சொன்னபோது, “அப்ப படிப்பு என்னாகும்?” என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டது நான்தான். கேட்டவள் மறந்துவிட்டேன், கேட்டுக்கொண்டு நின்றவர் மறக்கவில்லை.

மறைத்ததால் நேர்ந்தது வெறும் மனக்கசப்பு அல்ல. அந்த ஐந்தாறு மாதமும் அவர் வழமையான ஆய்வுகூட வேலை எல்லாம் செய்திருக்கிறார். அமோனியா அளக்கும் முறையில் பீனோல் வரும். நைத்திரேற்றுக்குக் கட்மியம் நிரப்பிய குழாய். மிதவை உயிர்களைப் பாதுகாக்க ஃபோர்மலின். மூன்றும் கர்ப்பிணிகள் விலகி நிற்கவேண்டிய பொருட்கள். கையுறை போட்டார், காற்றிழுக்கும் பெட்டிக்குள் வேலை செய்தார், பிள்ளை சுகமாகப் பிறந்தது. ஆனாலும் அந்த மாதங்களை நினைக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு பதறும்.

அன்றே படகு வேலையிலிருந்தும் ஈர இரசாயன வேலையிலிருந்தும் அவரை விலக்கினோம். இரண்டு முடிவுகளுக்கும் காரணம் வேறு. படகைத் தடுத்தது வாடைக்காலக் கடல், ஆய்வுகூடத்தைத் தடுத்தது பீனோலும் கட்மியமும். ஃபோர்மலினுக்குப் பதில் லூகோல் அயடீன் கரைசலுக்கு மாறினோம். அது எப்போதோ செய்திருக்கக்கூடிய மாற்றம், எல்லோருக்கும் நல்லது. டிசம்பரிலிருந்து மாதிரி எடுக்க ஒரு தற்காலிக உதவியாளர் வந்தார். இரசாயனப் பகுப்பாய்வை இன்னொரு மாணவர் பொறுப்பேற்றார். இவர் நுணுக்குக்காட்டியோடும் தரவோடும் இருந்தார்.

விடுமுறை என்ற சொல் இல்லாத கடிதம்

அரச சேவையில் நிரந்தரமாக இருக்கும் பெண்ணுக்கு 84 வேலைநாள் முழுச் சம்பளத்துடன் பிரசவ விடுமுறை உண்டு. சனி ஞாயிறு கழித்து எண்ணினால் ஏறக்குறைய நான்கு மாதம். அதன்பின் 84 நாள் அரைச் சம்பளம், இன்னும் 84 நாள் சம்பளமில்லாமல். எங்கள் மாணவியின் நியமனக் கடிதத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. நிதி தருபவர் கணக்கில் அவர் மாதக் கொடுப்பனவு பெறும் மாணவி. பதிவு செய்த பல்கலைக்கழகத்தின் கணக்கில் அவர் வேறெங்கோ வேலை செய்பவர். இரண்டு பக்கமும் அவரை மற்றப் பக்கத்து ஆள் என்றே எண்ணின.

இருந்த ஒரே வழி பதிவை ஆறு மாதம் ஒத்திவைப்பது. ஒத்திவைத்தால் காலக்கெடு நிற்கும், ஆனால் கொடுப்பனவும் நிற்கும். ஒத்திவைக்காவிட்டால் காசு வரும், பிள்ளை பெற்றுப் படுத்திருக்கும் நாட்களும் ஆய்வு நாட்களாக எண்ணப்படும். எந்தப் பக்கம் போனாலும் நட்டம் தாய்க்கே. ஏட்டில் சட்டமாக எழுதப்படாத இடத்தில் இப்படித்தான் நடக்கும்.

நிதி நிறுவனத்துக்கு எழுதினோம். இரண்டு வேண்டுகோள்: மேலதிகக் காசு இல்லாமல் ஆறு மாதக் கால நீடிப்பு ஒன்று, மாநாட்டுப் பயணத்துக்கென இருந்த தொகையை 12 கிழமைக் கொடுப்பனவாக மாற்ற அனுமதி இன்னொன்று. குழுவில் ஒருவர், “இதற்கு எங்காவது முன்னுதாரணம் உண்டா?” என்று கேட்டதாகத் தெரியவந்தது. நியாயமான கேள்விதான். அடுத்த கடிதத்தில் முன்னுதாரணங்களை எழுதினேன். இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு 2016 விதிகளில் ஆய்வு மாணவிகளுக்கு ஆய்வுக் காலத்துள் ஒருமுறை 240 நாள் வரை மகப்பேறு அல்லது பிள்ளை பராமரிப்பு விடுமுறை வைத்தது. ஐரோப்பிய ஆய்வுப் பேரவை, இளம் ஆய்வாளர் நிதிக்கு விண்ணப்பிக்கும் கால எல்லையைத் தாய்மாருக்குப் பிள்ளைக்கு 18 மாதம் என்று நீட்டிக் கொடுக்கிறது. 1995 இல் நோபல் பரிசு பெற்ற கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட் 2004 இல் தொடங்கிய அறக்கட்டளை, பிள்ளையுள்ள இளம் பெண் விஞ்ஞானிகளுக்கு வீட்டு வேலைக்கும் பிள்ளை பார்க்கவும் ஆள் வைக்கக் காசு தருகிறது. படிப்புச் செலவுக்கு அல்ல, சமையலுக்கும் துணி துவைக்கவும். அந்த ஒன்றைப் பற்றி எழுதும்போது எனக்கே ஒரு தெளிவு வந்தது.

இரண்டு வேண்டுகோளும் ஏற்கப்பட்டன. 2023 பெப்ரவரி கடைசியில் பெண்பிள்ளை பிறந்தது.

திரும்பி வந்த மாதம்

துடக்கு கழித்து, சரக்குக்கறியும் பால்சுறா வறையும் சாப்பிட்டு, ஜூன் முதற்கிழமை திரும்பினார். பிள்ளைக்கு மூன்று மாதம் கடந்திருந்தது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்று குடும்பநல உத்தியோகத்தர் சொல்லியிருந்தார், அவரும் அதில் உறுதியாக இருந்தார். காலை எட்டரைக்கு வந்து நாலேகாலுக்குப் போகும் பழைய நேரத்தையே நாங்கள் இருவரும் எடுத்துக்கொண்டோம். வேறு நேரம் உண்டென்று யாரும் யோசிக்கவில்லை.

பால் எடுக்க இடமில்லை. பொருட்கள் வைக்கும் அறையில், கதவுக்குப் பின்னால் கதிரை வைத்து எடுத்தார். எடுத்த பாலை வைக்கவும் இடமில்லை. ஆய்வுகூடக் குளிர்சாதனப் பெட்டியில் மாதிரிகளும் இரசாயனமும் இருக்கும், உணவு வைக்கவே கூடாது. எடுத்த பால் 25 பாகை வெப்பம் வரைதான் வெளியில் நான்கு மணித்தியாலம் தாங்கும். ஜூன் மாதத்துத் திருகோணமலையில் நிழலிலும் 30 பாகையைத் தாண்டும். ஆகவே எடுத்ததைக் கொட்டினார். பிறகு எடுப்பதையே குறைத்தார். மூன்றாம் கிழமை மார்பில் பால் கட்டி 102 பாகை காய்ச்சல்.

ஜூலை இரண்டாம் கிழமை ஒரு கடிதம் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். பதிவை மீளப்பெறுவதாக நான்கு வரி. ஐந்தாவது வரியில் நன்றி.

உப்புவெளியில் ஒரு பின்னேரம்

கடிதத்தை வாங்கினேன், மேலே அனுப்பவில்லை. இரண்டு கிழமை பொறுக்கச் சொல்லி, அந்த இரண்டு கிழமையும் தன் நாளை ஒரு கொப்பியில் எழுதச் சொன்னேன்: எத்தனைக்கு எழும்பினார், என்ன செய்தார், எதற்காக எழும்பிப் போனார். பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். கணவரையும் இருக்கச் சொல்லியிருந்தேன்.

மாமியைப் பற்றி எனக்கு ஒரு முற்கற்பிதம் இருந்தது. படிப்பை விரும்பாதவர் என்றே நினைத்திருந்தேன். தேத்தண்ணீர் வைத்துவிட்டு அவர் சொன்னது இது:

“மிஸ், பிள்ளையைப் பாக்க நான் இருக்கிறன். அதில குறையில்ல. ஆனா ராவில மூண்டு தரம் எழும்பி, விடிய நாலரைக்குச் சமைச்சு, உடுப்பு தோய்ச்சுப் போட்டுட்டு உங்கட வேலைக்கு வாறா. வந்தும் திருப்பி அடுப்படிதான். இவ எப்ப நித்திரை கொள்ளுறது? படிப்பை விடச் சொல்லி நான் ஒருநாளும் சொல்லேல்ல. ஆரும் இவட கையில இருக்கிறதை வாங்கச் சொல்லித்தான் சொல்லுறன்.”

மகன் தலை குனிந்திருந்தார். அவரை நான் குறைகூற வரவில்லை. பிள்ளை பிறந்தபோது தகப்பனுக்கு அரசாங்கம் தந்த விடுமுறை மூன்று நாள், வவுனியாவுக்குப் போய்வரவே ஒன்று போய்விடும்.

கொப்பியில் கண்டது என்னை அதிரவைத்தது. பதினான்கு நாளில் ஒன்றரை மணித்தியாலம் தொடர்ச்சியாக இருந்து வேலை செய்தது மூன்றே தடவை. அரை மணித்தியாலத் துண்டுகளோ நாளுக்கு ஐந்தாறு இருந்தன. நேரம் இல்லாமல் இல்லை, நேரம் துண்டு துண்டாகக் கிடந்தது. நாங்கள் கொடுத்த வேலையோ முழுத் துணி கேட்டது.

வேலையை மூன்றாகப் பிரித்தது

இந்த நிகழ்வில் மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தக்கூடியது ஏதும் உண்டென்றால் அது இந்தப் பகுதிதான் என்று நம்புகிறேன். அவரும் நானும் ஒரு முழுக் காலை இருந்து, ஆய்வின் ஒவ்வொரு வேலையையும் எடுத்து ஒரே கேள்வி கேட்டோம். இடையில் பிள்ளை அழுதால் என்னாகும்?

சில வேலைகளைப் போட்டுவிட்டுப் போகலாம். பச்சையம் அளக்க, நீரை வடித்த வடிதாளை அசற்றோனில் ஊறவைத்தால் இருட்டில், குளிரில் ஓரிரவு கிடக்கும். நைத்திரேற்று மாதிரியை வடித்து உறையவைத்தால் கிழமைக்கணக்கில் காத்திருக்கும். சில வேலைகளை இடையில் விட்டு எழும்பலாம். மிதவைத் தாவரங்களை எண்ணும் செட்ஜ்விக்–ராஃப்டர் கலத்தில் ஒரு மில்லிலீற்றர் நீர், ஆயிரம் சதுரம். எந்த வரிசையில் நின்றோம் என்று குறித்துவிட்டு எழும்பி, திரும்பி வந்து அடுத்த வரிசையில் தொடங்கலாம். சில வேலைகள் தொடங்கினால் முடிக்கவேண்டும். கரைந்த ஒட்சிசனை விங்க்ளர் முறையில் நியமிக்கும்போது (துளித்துளியாகக் கரைசல் சேர்த்து அளக்கும்போது) பாதியில் கையெடுத்தால் அந்த மாதிரி போனதுதான். படகும் அப்படி.

நாங்கள் ஜூனில் செய்த பிழை அப்போது தெரிந்தது. அவர் படகில் ஏறக்கூடாத காலத்தில் பிரித்துக்கொடுத்த வேலைகளை, திரும்பி வந்ததும் “எல்லாம் பழையபடி” என்று அவர் தலையிலேயே வைத்துவிட்டோம். தொடங்கினால் முடிக்கவேண்டியவை முழுக்க அவரிடம், விட்டு எழும்பக்கூடியவை உதவியாளரிடம். அதைத் தலைகீழாக மாற்றினோம். எண்ணும் வேலை முழுவதும் அவருக்கு, நியமிப்பு மற்ற மாணவருக்கு. ஆய்வுகூடத்துக்கு வரும் நேரம் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை. பின்னேரம் வீட்டில் தரவு வேலை, அதுவும் பிள்ளை தூங்கினால். மலைநாட்டு மேற்பார்வையாளருடனான இணையவழிக் கூட்டம் பின்னேரம் நாலு மணியிலிருந்து காலை பத்துக்கு மாறியது. அந்தப் பெரியவர் கேட்டவுடன் சம்மதித்தார். ஒன்பது மாதமாக யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

படகை மட்டும் அவர் விட்டுக்கொடுக்க மறுத்தார். “தண்ணியைப் பாக்காம நம்பரை மட்டும் பாத்து நான் என்னத்தை எழுதுறது?” என்றார். சரியான கேள்வி. மாதம் ஒரு காலை. கச்சான் காற்று எழுமுன் திரும்பவேண்டும் என்பதால் எப்படியும் ஐந்தரைக்குப் புறப்பட்டுப் பத்துக்குக் கரையேறும் வேலை. கிண்ணியாக் கரையில் அவர் தகப்பனின் சகோதரி வீடு, படகு கட்டும் இடத்துக்கு நடைதூரம். முதல்நாள் இரவே பிள்ளையும் மாமியும் அங்கே போய்த் தங்கினார்கள். 2009 இல் பாலம் திறக்குமுன் என்றால் இந்தப் பயணமே ஒரு பாடு. மாதிரிப் போத்தல்களுக்குக் கொண்டுபோகும் ஐஸ் பெட்டியோடு பாலுக்கென்று தனியாகச் சின்ன ஒன்றும் வந்தது.

அறை ஒன்று ஒழித்தோம். பழுதான கருவிகள் கிடந்த சிறிய அறை, உள்ளே தாழ்ப்பாள், ஒரு சாய்கதிரை, கையலம்பத் தொட்டி, உணவுக்கு மட்டும் என்று எழுதி ஒட்டிய சிறிய குளிர்சாதனப் பெட்டி. பெட்டிக்கான காசை ஊழியர் சிலர் சேர்ந்து போட்டோம்.

வீட்டில் மாமியின் வார்த்தையே தீர்வாயிற்று. கிழமையில் ஐந்து நாள் காலை சமைக்கவும் தோய்க்கவும் அயலிலிருந்து ஒரு அம்மா வந்தார். அவருக்கான கூலி கணவரின் சம்பளத்திலிருந்து. இது முடிவான அந்தப் பின்னேரம்தான் கடிதத்தைத் திருப்பித் தரச் சொல்லி அவர் கேட்டார்.

பிழையாகிப்போனவை

2023 மார்ச் மாதத்து மாதிரிகள் முழுவதும் போயின. தற்காலிக உதவியாளர் வடிதாள்களில் இடத்தின் இலக்கத்தை எழுதாமல் உறையவைத்துவிட்டார். அவரில் பிழையில்லை. பொறுப்பை ஒப்படைக்க ஒரு நாள்கூட நாங்கள் ஒதுக்கவில்லை, வாய்மொழியாகச் சொன்னோம்.

பகுப்பாய்வைப் பொறுப்பேற்ற மாணவர் மனம் நொந்தார். “அவவுக்குச் சலுகை, எனக்கு வேலையோ?” என்று அவர் இன்னொருவரிடம் கேட்டது என் காதுக்கு வந்தது. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. வேலையை அவரிடம் கொடுத்த அன்றே, வெளிவரும் கட்டுரையில் உங்கள் பெயரும் வரும் என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். எட்டு மாதம் கழித்துத்தான் செய்தேன். தாய்க்குக் கொடுக்கும் ஆதரவின் பாரம் இன்னொரு இளையவர் முதுகில் கணக்கில்லாமல் ஏறினால், அடுத்த தாய்க்கு யாரும் கைகொடுக்க வரமாட்டார்கள்.

2024 ஜனவரியில் பிரிவுக்குப் புதிய தலைவர் வந்தார். நல்ல மனிதர். முதற்கிழமையே அந்தச் சிறிய அறையைக் களஞ்சியமாக்கினார். அது என்ன அறை என்று எந்தப் பதிவிலும் இல்லை, அவருக்கு எப்படித் தெரியும்? அரைநாள் நேர ஒழுங்கும் அப்படியே கேள்விக்குள்ளானது. பழைய தலைவரும் நானும் அன்பாகப் பேசி முடித்த எல்லாம் அந்த ஒரு மாற்றத்தோடு காற்றில் போயிற்று. மூன்று மாதம் எடுத்து, அறை, நேரம், வேலைப் பங்கீடு மூன்றையும் பீடக் கூட்ட அறிக்கையில் ஏற்றினோம். மீண்டும் அறை கிடைத்தபோது பிள்ளை சோறு சாப்பிடத் தொடங்கிப் பல மாதம்.

என்ன நடந்தது

24 மாதத்தில் 20 மாதத்து மாதிரிகள் கிடைத்தன. மூன்று எரிபொருளால் போயின, ஒன்று எங்கள் கவனக்குறைவால். இரண்டு பெரும்போகத்தையும் ஒப்பிட அவை போதும். ஓர் அத்தியாயத்தைக் கைவிட்டோம். 2024 செப்டெம்பரில் ஆய்வேட்டைக் கையளித்தார், 2025 பெப்ரவரியில் நேர்முகப் பரீட்சையில் சிறு திருத்தங்களுடன் சித்தியடைந்தார். மாமி அன்று பிள்ளையோடு வந்து வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்தார்.

இழந்ததையும் எழுதச் சொன்னார், அது அவர் செய்த திருத்தங்களில் ஒன்று. மாநாட்டுக்குப் போகவில்லை, அந்தக் காசில்தான் பிரசவகாலக் கொடுப்பனவு கிடைத்தது. அவர் விரும்பியிருந்த வெளிநாட்டுக் கலாநிதிப் புலமைப்பரிசில் ஒன்றின் விண்ணப்பக் காலம், அவர் காய்ச்சலோடு கிடந்த கிழமைகளில் கடந்துவிட்டது. “ஆறு மாதம் பிந்தி முடிச்சன் எண்டு மட்டும் எழுதாதீங்க மிஸ். அந்த ஆறு மாதத்தோட வேற என்னவெல்லாம் போனது எண்டும் எழுதுங்க.”

மாற்றியவையும் மாற்றவேண்டியவையும்

இப்போது எங்கள் ஆய்வுகூடத்தில் சேரும் ஒவ்வொருவருக்கும், ஆணோ பெண்ணோ, முதல்நாளே ஒரு தாள் கொடுக்கிறோம். எந்த இரசாயனம் கர்ப்பிணிக்கும், கருத்தரிக்க எண்ணுபவருக்கும் ஆகாது, அதற்கு மாற்று என்ன, யாரிடம் சொன்னால் காரணம் கேட்காமல் வேலை மாற்றித் தரப்படும் என்று அதில் இருக்கிறது. யாரும் தன் வயிற்றைப் பற்றிச் சொல்லாமலே விலகி நிற்க வழி வேண்டும் என்பதே எண்ணம். வேலையை மூன்றாகப் பிரிக்கும் அட்டவணையை ஆய்வு முன்மொழிவோடு சேர்த்தே எழுதுகிறோம். சென்ற வருடம் தகப்பனுக்குப் பாரிசவாதம் வந்த ஒரு மாணவருக்கும் அதுவே உதவியது.

கொடுப்பனவு பெறும் ஆய்வு உதவியாளர்களின் நியமனக் கடிதத்தில் பிரசவ விடுமுறை என்ற சொல் இன்னும் ஏறவில்லை. புதிய நிதி விண்ணப்பம் ஒன்றில் 84 வேலைநாள் கொடுப்பனவையும், அந்தக் காலத்துக்கு மாற்றாள் வைக்கும் செலவையும், ஒப்படைப்புக்கு இரண்டு கிழமையையும் தனி வரிகளாக எழுதி அனுப்பியிருக்கிறேன். மாணவியும் இணை ஆய்வாளராகக் கையெழுத்திட்டார். பதில் இன்னும் வரவில்லை.